நண்பனிடம் இயேசுவைப் பற்றிப் பேசலாமா? ஒரு குமரி மாவட்டத்துப் பதில்

படிக்கிற மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திங்கள்நகர் பக்கத்தைச் சேர்ந்த தம்பி. வயது இருபத்தாறு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், நாகர்கோவிலில் மென்பொருள் வேலை. அலுவலகத்தில் நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர். இரண்டு பேர் இந்து, ஒருவர் அய்யாவழி, அதாவது சாமித்தோப்பு வைகுண்டரின் வழி. "சாட்சி சொல்லாதவன் கிறிஸ்துவை நினைத்து வெட்கப்படுகிறவன்" என்று வாலிபர் கூட்டத்தில் சொல்கிறார்கள். "மண்டைக்காட்டை மறந்துட்டியா மக்கா, உன் சோலியைப் பாரு" என்று அம்மா சொல்கிறார். "நீங்க பேச ஆரம்பிச்சாலே மதம் மாத்தத்தானே" என்கிறான் ஒரு நண்பன். அந்த நண்பனுடைய அப்பாவுக்கு இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிக்கலாமா என்றும் தம்பி கேட்கிறார். இந்தக் காலத்தில் விசுவாசத்தைப் பகிரலாமா, சட்டம் என்ன சொல்கிறது, பகிர்ந்தால் எப்படி என்பதுதான் மொத்தக் கேள்வி.

பேசலாம் தம்பி. பேசவும் வேண்டும். ஆனால் நம் மாவட்டத்தில் யாருக்கு, எது தெரியாமல் இருக்கிறது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள்.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் 18,70,374 பேர். அதில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், இந்துக்கள் 48.65, முஸ்லிம்கள் 4.2. தமிழ்நாட்டில் இப்படி இன்னொரு மாவட்டம் கிடையாது. உங்கள் இந்து நண்பன் இயேசுவின் பெயரைக் கேட்காமல் வளர்ந்திருக்கவே முடியாது. அநேகமாக ஒரு மிஷன் பள்ளியில் படித்திருப்பான், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று உங்களைவிடச் சரளமாகச் சொல்வான். டிசம்பரில் அவன் தெருவில் கீத பவனி போயிருக்கும். கன்வென்ஷன் என்கிற சுவிசேஷக் கூட்டத்தின் ஒலிபெருக்கி அவன் பரீட்சைக்குப் படிக்கிற அறைக்குள் வந்திருக்கும். ஆகவே செய்தி போய்ச் சேராததால் அவன் விலகி நிற்கவில்லை. அந்தச் செய்தியைச் சொல்கிறவர்களிடம் கிட்டே போய், பயமில்லாமல் ஒரு கேள்வி கேட்க அவனுக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை. கேட்டால் விடமாட்டார்கள், பெயரை எழுதிக்கொள்வார்கள், வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் என்ற பயம் அவனுக்கு உண்டு. அந்தப் பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

என் கருத்து இதுதான். அவன் தானாகக் கேட்கும் அளவுக்கு நெருக்கமாக இருங்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவன் வேண்டாம் என்றால் நட்பு ஒரு துளிகூடக் குறையாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்படி நடந்துகொள்ளுங்கள். இது பயந்து ஒதுங்குகிறவர்களின் வழி என்று சிலர் சொல்வார்கள். நம் மண்ணில் விசுவாசம் வேர்விட்ட கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நட்டாலத்து நீலகண்ட பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1712இல் பிறந்தவர், பத்மநாபபுரம் அரண்மனையோடு தொடர்புடைய உத்தியோகம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி தெ லன்னாய், அப்புறம் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்து பெரிய பொறுப்புக்கு வந்தார். இருவரும் வேலையில் பழகினார்கள். பிள்ளையின் குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம். முகம் வாடியிருந்ததைக் கவனித்துத் தெ லன்னாய் விசாரித்தார் என்றும், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். தெ லன்னாய் குருவானவர் அல்ல. போரில் தோற்று, ஊர் திரும்ப வழியில்லாமல் நின்ற ஒரு படைவீரர். இழப்பு என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர், இழந்துகொண்டிருந்த இன்னொருவரிடம் பேசினார், அவ்வளவுதான். நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். நீங்களும் நானும் சி.எஸ்.ஐ.யாக இருக்கலாம், ஆனாலும் இது நம் எல்லோருடைய கதையும்தான்.

மயிலாடி கதையும் அப்படித்தான். அங்கே முதலில் வெள்ளைக்காரர் வரவில்லை. மகாராசன் என்ற ஊர்க்காரர் தேட்டத்தோடு சிதம்பரம் வரை யாத்திரை போனார். தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டார், வேதமாணிக்கம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார். தன் சொந்தபந்தத்தாரிடம் சொன்னார். எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர் கேட்டுக் கேட்டுத்தான் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தார். அடுத்து வந்த மிஷனரி மீட் ஐயரும் நாகர்கோவில் கல்கோயிலும் பள்ளிகளும் நெய்யூர் ஆஸ்பத்திரியும் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பன் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இதைக் கேட்பான்: "உங்க முன்னோர் பால்பவுடருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தானே மாறினாங்க?" இந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள், அல்லது வெட்கப்பட்டுத் தலைகுனிகிறார்கள். இரண்டும் தேவையில்லை. திருவிதாங்கூரில் அந்த நாளில் நம் முன்னோருக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை இருந்தது? தலைக்கு வரி, கூலியில்லாக் கட்டாய வேலை, சில தெருக்களில் நடக்கத் தடை, பெண்கள் மேலாடை அணியத் தடை. மிஷன் பள்ளியில் படித்த பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போட்டு வெளியே வந்தபோது தெருவில் வைத்துக் கிழித்தார்கள். 1820களில் தொடங்கி மூன்று முறை கலவரம் வெடித்தது. 1859 ஜூலை 26 அன்றுதான் அரசு இறங்கி வந்து ஆணை போட்டது, அதுவும் அரைகுறையாக. அந்தத் தாய்மார்கள் சபையில் சேர்ந்தபோது வரியிலிருந்து விடுதலை கிடைக்கும், அடியிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும் என்றும் நினைத்தார்கள். உண்மைதான். ரிங்கல்தௌபேயே அந்த எதிர்பார்ப்பைக் கண்டு சங்கடப்பட்டவர். ஆனால் "நீயும் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டவள், மாரை மறைக்க உனக்கு உரிமை உண்டு" என்று ஒருத்தி முதல் முறையாகக் கேட்டால், அது அவளுக்குச் சுவிசேஷம் இல்லையா? அதை ஆசை காட்டுதல் என்று எந்த நியாயத்தில் சொல்வது? நண்பன் கேட்டால் இதை அமைதியாக, விவரத்தோடு சொல்லுங்கள். இது உங்கள் குடும்ப வரலாறு. அநேகமாக அவனுடைய குடும்பமும் அதே துயரத்தை அனுபவித்ததுதான்.

அய்யாவழி நண்பரிடம் இதைப் பேசும்போது கூடுதல் மரியாதை வேண்டும். அதே காலத்தில், அதே மக்கள் நடுவில், அதே கொடுமைக்கு எதிராக எழுந்தவர் சாமித்தோப்பு வைகுண்டர். கண்ணாடிக்கு முன் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்ன வழி அது. எதற்காக அப்படிச் சொன்னார் என்று அந்த நண்பரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய வழியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உங்கள் வழியைச் சொல்லப் போனால், அவர் எதற்குக் காது கொடுக்க வேண்டும்?

சரி, அம்மா சொன்ன மண்டைக்காட்டுக்கு வருவோம். 1982 மார்ச் 1 அன்று அங்கே இந்து-கிறிஸ்தவர் கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் கடற்கரை ஊர்களிலும் உள்ளூர்களிலும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. நேற்று வரை ஒரே படகுத்துறையிலும் ஒரே சந்தையிலும் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டினார்கள். சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார் வந்து இரு தரப்பையும் உட்கார வைத்து அமைதிக்காகப் பாடுபட்டதை என் வயதுக்காரர்கள் நன்றியோடு நினைப்போம். நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அம்மாவின் பயம் அந்த நாட்களை உடம்பால் அனுபவித்த பயம். அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் அந்தத் தீ ஒரு நண்பன் இன்னொரு நண்பனிடம் மனம் விட்டுப் பேசியதால் பற்றவில்லை. கூட்டமாக நின்று "எங்களவர், உங்களவர்" என்று பேசியதால் பற்றியது. நீங்கள் செய்யப்போவது அதற்கு நேர் எதிரானது. இதை அம்மாவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி எப்படி என்பது.

பேதுரு தன் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், உங்களுக்குள் இருக்கிற நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்கிறார். ஊழியக் கூட்டங்களில் பதில் சொல்வதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கேட்கிறவர்களுக்கு என்பதையும் சாந்தத்தோடு என்பதையும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கேள்வி எப்போது வரும்? நம் வாழ்க்கையில் ஏதோ ஒன்று அவர்களுக்குப் புரியாமல் நிற்கும்போது வரும்.

என் அப்பா இறந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்து வழக்கப்படி இரவு முழுக்க முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து சபையார் பாடினார்கள். அழுதுகொண்டே நானும் பாடினேன். என்னோடு வேலை பார்த்த இந்து ஆசிரியர் ஒருவர் விடியும்வரை மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தார். காரியமெல்லாம் முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய பிறகு, சாயாக் கடையில் வைத்துக் கேட்டார்: "சார், தப்பா நினைக்கக் கூடாது. எழவு வீட்டுல எப்படிப் பாட வந்துச்சு உங்களுக்கு?" எனக்குப் பாட வரவில்லை, சுற்றியிருந்தவர்கள் பாடினார்கள், அது என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று என்றேன். சாவு கடைசி வார்த்தை இல்லை என்று நம்புகிறோம், இயேசு எழுந்தார், அப்பாவும் எழுந்திருப்பார், அதனால்தான் பாடுகிறோம் என்றேன். "அப்ப அவரை மறுபடியும் பார்ப்பேன்னு நிஜமாவே நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமா என்றேன். டம்ளரை வைத்துவிட்டு, அவருடைய அம்மா இறந்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முதல் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தோம். அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அந்த நாள் முதல் எங்களுக்குள் கடவுளைப் பற்றி எதையும் பேசலாம் என்றாகிவிட்டது. அவர் மகளுக்கு ஆபரேஷன் என்றபோது முதலில் எனக்குத்தான் போன் வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விசுவாசத்தைப் பகிர்வது என்றால் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முடிவு நம் கையில் இல்லை. ஒருவன் மனதைத் திறப்பது பரிசுத்த ஆவியானவரின் வேலை என்று நாம்தான் பிரசங்கிக்கிறோம். பிரசங்கித்துவிட்டு, இந்த மாதம் எத்தனை ஆத்துமா என்று கணக்கும் கேட்கிறோம்.

என்ன சொல்வது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். லேகியோன் என்கிற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்த மனிதன் குணமான பிறகு இயேசுவோடு வருகிறேன் என்றான். அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்குப் போ, கர்த்தர் உனக்குச் செய்ததை உன் ஆட்களிடம் சொல் என்று அனுப்பினார். மாற்கு ஐந்தாம் அதிகாரம். அவனுக்குச் சித்தாந்தம் எதுவும் தெரியாது. தனக்கு நடந்தது மட்டும் தெரியும். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். வேலை கிடைக்காமல் இருந்த வருடமாக இருக்கலாம், ஒருவரை மன்னிக்க முடியாமல் கிடந்து பிறகு மன்னித்ததாக இருக்கலாம். ஐந்து நிமிடத்தில், வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பழகுங்கள். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்", "அபிஷேகம் இறங்கியது" என்பதெல்லாம் நமக்கு உயிரான சொற்கள், ஆனால் வெளியே இருக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. "என்னை நானே வெறுத்துக்கிட்டு இருந்தேன், இயேசு என்னை அப்படிப் பார்க்கலைன்னு புரிஞ்சப்ப தூங்க முடிஞ்சது" என்றால் விளங்கும்.

"எல்லா மதமும் ஒண்ணுதானே?" என்று கேட்பான். இல்லை என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம், ஆமாம் என்று மழுப்பவும் வேண்டாம். இயேசு நல்ல குருமார்களில் ஒருவர் என்று சொல்லி அவனைச் சமாதானப்படுத்தினால் நீங்கள் நம்புவதை நீங்களே மறைத்ததாகும். "எனக்கு அப்படித் தோணலை. கடவுளே மனுஷனா வந்து எனக்காகச் செத்தார், எழுந்தார்னு நான் நம்புறேன். நீ வேற மாதிரி நம்புறேன்னு தெரியும். அதனால நீ எனக்குக் குறைஞ்சவன் இல்லை" என்று சொல்லலாம். அப்புறம் அவன் நம்புவதைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். பாதியில் குறுக்கிடாமல் முழுக்கக் கேளுங்கள். பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசும் முன் ஊரைச் சுற்றிப் பார்த்தார், அவர்களுடைய பலிபீடத்தில் எழுதியிருந்ததையும் அவர்களுடைய புலவர்களையும் எடுத்துச் சொல்லித்தான் தொடங்கினார்.

அவனுடைய சாமியைப் பழித்து ஒரு சொல்கூட வரக் கூடாது. பிசாசு, கல்லு, பொம்மை என்கிற பேச்சு சில மேடைகளில் இன்னும் கேட்கிறது. அதைக் கேட்டு யாரும் மனம் திரும்பியதாக நான் பார்த்ததில்லை. அவன் அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற இடத்தை மிதித்துவிட்டு அவன் இதயத்துக்குள் எப்படிப் போவது?

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. நண்பன் உங்களைப் பார்ப்பதோடு நிறுத்தமாட்டான், நம் சபையையும் பார்ப்பான். கல்யாண விளம்பரத்தில் "சி.எஸ்.ஐ. நாடார் மணமகள் தேவை" என்று போடுகிறோம். சவரன் கணக்குப் பேசி, காரும் ரொக்கமும் பேசி, அப்புறம் பீடத்துக்கு முன் நின்று ஆசீர்வாதம் வாங்குகிறோம். உள்நாட்டுச் சபைக்காரருக்குக் கடற்கரைக்காரர் வேறு ஆள், சாம்பவர் சபை தனி, வேளாளர் குடும்பம் தனி. திருமண்டலத் தேர்தல், அதாவது சபை நிர்வாகத் தேர்தல் வந்தால் நாம் பேசுகிற பேச்சு ஊருக்கே தெரியும். "உங்க இயேசு எல்லாரும் சமம்னு சொன்னாரே?" என்று அவன் கேட்டால், நியாயப்படுத்த முயலாதீர்கள். "நீ சொல்றது சரி, நாங்க அவர் சொன்னபடி நடக்கலை" என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதோடு, உங்கள் கல்யாணத்தில் வரதட்சணை வாங்காதீர்கள். இருபத்தாறு வயதில் நம் ஊரில் ஒரு வாலிபன் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய சாட்சி இதுதான் என்று நினைக்கிறேன். துண்டுப் பிரதி ஆயிரம் கொடுப்பதைவிட ஊர் இதைப் பேசும், ஏன் வாங்கவில்லை என்று கேட்கும். அப்போது காரணத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் சுவிசேஷ ஊழியம் என்ற பெயரில் நடப்பதில் பாதி, ஒரு சபை ஆளை இன்னொரு சபைக்கு இழுப்பது. கத்தோலிக்கரைப் பெந்தெகொஸ்தேக்கும், சி.எஸ்.ஐ.யை இரட்சணிய சேனைக்கும், அங்கிருந்து வேறொரு ஜெப வீட்டுக்கும். அதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, எந்தச் சமயத்தையும் நம்பவும் கைக்கொள்ளவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை கொடுக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது கட்டுப்பட்டது. 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஓர் எல்லை வகுத்தது. உங்கள் சமயக் கொள்கையை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று ஒன்று அந்தப் பிரிவில் இல்லை. மாறுவதும் மாறாததும் அவருடைய மனச்சாட்சியின் சுதந்திரம். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை, நாம் நம்புவதும் அதுதானே. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற இடங்களில் உண்டு. நம் ஊர் நர்சுகளும் ஆசிரியர்களும் அங்கே நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அங்கே போகிற பிள்ளைகள் அந்த ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 302 பிரிவுகள், வேண்டுமென்றே பிறர் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்குகின்றன. வாட்சாப்பில் எழுதினாலும் அது பொருந்தும். ஒலிபெருக்கி இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது, நம் கோயிலானாலும் அவர்கள் கோயிலானாலும். அரசு உதவி பெறும் பள்ளியில் வேறு மதத்துப் பிள்ளையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் ஜெபத்திலோ வேத வகுப்பிலோ உட்கார வைக்க 28ஆம் பிரிவு இடம் கொடுக்காது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டு இந்துக் குழந்தைகள் ஆசையாக வருவார்கள். அப்பா அம்மாவைப் பார்த்து, என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று விவரமாகச் சொல்லி, அவர்கள் சரி என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் பிள்ளையை நமக்குத் தெரியாமல் ஒருவர் வேறு வழிபாட்டுக்குக் கூட்டிப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

வாட்சாப், யூடியூப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டேட்டஸில் தினம் ஒரு வசனம் போடுவதில் தப்பில்லை, ஆனால் அதைச் சாட்சி என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். விவாதக் கமெண்டுகளில் இறங்காதீர்கள், அங்கே யாரும் கேட்பதற்காக வருவதில்லை. அற்புத சுகம் வீடியோக்களை அனுப்பவே அனுப்பாதீர்கள். புற்றுநோய் போய்விட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று வருகிறவற்றில் எது உண்மை என்று உங்களுக்குத் தெரியாது. அதை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வேறு இருக்கிறது.

இப்போது நண்பனின் அப்பா. போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கட்டிலருகே போய் நிற்காதீர்கள். டயாலிசிஸ் சாதாரணமாக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கூட இருக்கிறவர்கள் களைத்துப்போய்விடுவார்கள். ஒரு நாள் "இன்னைக்கு நான் உட்கார்ந்துக்கிடறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று சொல்லுங்கள். பைக்கில் கொண்டுபோய் விடுங்கள். உப்புக் குறைத்த கஞ்சி அம்மாவிடம் வைக்கச் சொல்லிக் கொண்டு போங்கள், என்ன கொடுக்கலாம் என்று முதலில் நர்ஸிடம் கேட்டுவிட்டு.

நெய்யூரில் சோமர்வெல் டாக்டர் செய்தது இதுதான். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர். அது முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், அவ்வளவு பெரிய நோயாளிக் கூட்டத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய ஒரே ஒரு டாக்டர் இருப்பதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். எந்தச் சாதிக்காரர், எந்த மதத்துக்காரர் என்று பார்க்காமல் வைத்தியம் பார்த்தார். வருடக்கணக்கில் கூடவே இருந்ததால்தான் இன்றும் அந்தப் பக்கத்து வயசானவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

ஜெபிப்பதைப் பற்றி: முதலில் நண்பனிடம் தனியாகக் கேளுங்கள். "அப்பாவுக்காக நான் தினமும் வேண்டிக்கிடறேன். அவர் பக்கத்துல இருந்து ஜெபிச்சா அவருக்குச் சங்கடமா இருக்குமா?" அவன் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள், வீட்டில் இருந்து ஜெபியுங்கள். சரி என்றால் அப்பாவிடமும் கேளுங்கள். ஊசி குத்திய கையோடு படுத்திருக்கிறவருக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது, ஆகவே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் சின்ன ஜெபம், தாழ்ந்த குரலில், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல். சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம்பினால் எழுந்துவிடுவீர்கள் என்று சொல்லாதீர்கள், அவர் எழாமல் போனால் தன் நம்பிக்கைதான் குறைவு என்று அவரும் குடும்பமும் நினைத்துக்கொண்டு மறுகுவார்கள். கர்த்தர் கூட இருக்கிறார் என்று சொல்லலாம், அது உண்மை.

கன்வென்ஷனுக்கு அழைக்கலாமா என்றால், முதல் அழைப்பு அதுவாக இருக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள், சபையில் அசனம் (பொது விருந்து) நடக்கும்போது கூப்பிடுங்கள். அவன் வீட்டுப் பொங்கலுக்கும் நீங்கள் போங்கள். படைத்ததைச் சாப்பிடுவதில் உங்களுக்கு மனச்சாட்சித் தயக்கம் இருந்தால் மூஞ்சியைச் சுளிக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள், நம் ஊரில் அதைப் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலான அம்மாமார் தனியாக எடுத்து வைத்தே கொடுப்பார்கள்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். என்றைக்காவது ஒரு நண்பன் "எனக்கும் ஞானஸ்நானம் வேண்டும்" என்று வந்து நின்றால், சந்தோஷப்படுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். தேவசகாயத்துக்கே முதலில் முறையாகக் கற்பித்து, அப்புறம்தான் கொடுத்தார்கள். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். காதலுக்காகவா, கடன் நெருக்கடியிலா, உண்மையிலேயே கிறிஸ்துவுக்காகவா என்று அவனே தன்னைக் கேட்டுப் பார்க்க நேரம் வேண்டும். முதலில் நாலு சுவிசேஷங்களையும் அவனோடு உட்கார்ந்து வாசித்து முடியுங்கள். வீட்டாரிடம் அவனே சொல்லட்டும். வீட்டை விட்டு வெளியே வா என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், பெயரை மாற்றச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள்.

அவன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவனாக இருந்தால் இன்னொரு விஷயத்தை நேராகச் சொல்லியாக வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார். படிப்பு, வேலை, தேர்தல் எல்லாவற்றையும் இது தொடும். இந்த ஆணை அநியாயமானது என்பது என் உறுதியான கருத்து, மாற்றக் கோரிப் பல பத்தாண்டுகளாக நம் சபைகள் போராடி வருகின்றன. ஆனால் இன்றைக்குச் சட்டம் இப்படி இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்து ஒருவனைத் தண்ணீருக்குள் இறக்குவது நேர்மையாகாது. சர்டிபிகேட்டில் பழையபடியே வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா என்று சொல்லிக்கொடுக்கிற ஊழியர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் சேகரத்துப் போதகரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் வாயாலேயே அவனுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவன் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னாலும், மறுநாள் அலுவலகத்தில் வழக்கம்போல அவனோடு சாயா குடிக்கப் போங்கள்.